முதல் ஒப்பந்தத்துக்கு யார் ஜாமீன்?

ஓசூர் சாலையில் அடுகோடியைக் கடப்பவர்கள் பாஷ் வளாகத்தைப் பார்க்காமல் போக முடியாது. 76 ஏக்கர். பழைய பெங்களூர்க்காரர்களுக்கு அது இன்றைக்கும் ‘மைக்கோ’தான். 1951-இல் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்று பதிவாகி, ஸ்பார்க் பிளக்கும் டீசல் எஞ்சினுக்கான எரிபொருள் பம்பும் செய்த தொழிற்சாலை. 2008-இல் பெயர் பாஷ் என்று மாறியது. உற்பத்தி நகருக்கு வெளியே பிடதிக்குப் போனது. 2022 ஜூன் 30 அன்று அதே நிலத்தில் ‘ஸ்பார்க் நெக்ஸ்ட்’ என்ற புதிய வளாகம் திறக்கப்பட்டது. பத்தாயிரம் பேர்வரை உட்கார்ந்து வேலை செய்யலாம். பம்பு செய்த இடத்தில் இப்போது மென்பொருள் எழுதுகிறார்கள்.

வளாகத்தைச் சுற்றியுள்ள சந்துகளிலும், ஒரு நடை தள்ளியிருக்கும் கோரமங்களா, மடிவாளா பக்கங்களிலும் வீட்டுக்கு வீடு பிஜி பலகை தொங்குகிறது. அறைக்கு மூன்று பேர், நான்கு பேர். சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் இரவு பஸ் ஏறி வந்து மடிவாளாவில் இறங்கியவர்கள் அவர்களில் நிறைய. பொறியியலோ எம்சிஏவோ முடித்தவர்கள். ஜாவா தெரியும், பைத்தான் தெரியும், காட்ட இரண்டு மூன்று புராஜெக்ட்டும் உண்டு. ஆனால் ஒருவர்கூட இதுவரை அவர்களுக்குக் காசு கொடுத்து ஒரு வேலையை ஒப்படைத்ததில்லை. “என்னப்பா, மெயில் வந்துச்சா?” என்று ஊரிலிருந்து போன் வரும்போது, “வரும்மா, இந்த வாரம் வந்துரும்” என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது.

இவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. ‘ஸ்கில் வளர்த்துக்கோ’, ‘டிஎஸ்ஏ படி’, ‘லிங்க்ட்இன்ல ஆக்டிவா இரு’, ‘ஏஐ கத்துக்கோ’. எதுவும் தவறான அறிவுரை இல்லை. ஆனால் முதல் ஒப்பந்தத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் பணத்தையும் தன் பெயரையும் நம்பி ஒப்படைப்பவர், “இவர் செய்து முடிப்பார் என்பதற்கு யார் ஜாமீன்?” என்று கேட்கிறார். இந்தத் தொழில் பிறந்ததிலிருந்து கேட்கப்படும் கேள்வி அது. அதற்கான பழைய பதிலும் இதே அடுகோடியில்தான் இருக்கிறது.

மைக்கோ கொடுத்த வேலை

1981 ஜூலையில் புனேயில் ஏழு பேர் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். நாராயண மூர்த்தி, நந்தன் நிலேகணி, கோபாலகிருஷ்ணன், ஷிபுலால், தினேஷ், ராகவன், அசோக் அரோரா. முதலீடு, சுதா மூர்த்தி தன் சேமிப்பிலிருந்து எடுத்துத் தந்த 10,000 ரூபாய். மென்பொருள் கம்பெனிதான், ஆனால் சொந்தமாகக் கணினி கிடையாது. தொலைபேசி இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த காலம். வெளிநாட்டிலிருந்து ஒரு கணினியை வரவழைக்க டெல்லிக்கு நடையாய் நடந்து உரிமம் வாங்க வேண்டும். முதல் வாடிக்கையாளர் நியூயார்க்கின் டேட்டா பேசிக்ஸ் கார்ப்பரேஷன். கணினி அங்கே இருந்ததால் நிறுவனர்களில் பெரும்பாலோர் அங்கேயே போய் நிரல் எழுதினார்கள்.

இந்தியாவுக்குள் அவர்களுக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் மைக்கோ. அதையொட்டித்தான் 1983-இல் இன்ஃபோசிஸ் புனேயை விட்டுப் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. பெங்களூரு ஐடி நகரமானதற்கு வெயில் குறைந்த வானிலை, அறிவியல் நிறுவனங்கள், ஆங்கிலம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இன்ஃபோசிஸ் வந்த காரணம் எளியது. வேலை கொடுத்தவர் அடுகோடியில் இருந்தார்.

இந்தக் கதையை மேடைகளில் சொல்லும்போது 10,000 ரூபாய் கட்டாயம் வரும். வராமல் போவது பட்னி. ஏழு பேருமே பட்னி கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். டேட்டா ஜெனரல் கணினிகளில் அங்கேதான் கை பழகினார்கள். கம்பெனிதான் புதிது, ஆட்கள் பழையவர்கள். அவர்கள் செய்து முடித்த வேலை அவர்களுக்கு ஜாமீனாக முன்னால் போய் நின்றது.

தமிழ்நாட்டுக் கதையிலும் இதே அமைப்புதான். திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் நிறுவனத்துக்கு, 2011-இல் கிடைத்த முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவிலுள்ள அட்வெல் கல்லூரி. பார்த்தால் முகம் தெரியாத ஓர் ஊரிலிருந்து வானத்திலிருந்து விழுந்த ஆர்டர் போலத் தெரியும். அதற்கு முன் அவர் ஜோஹோவில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இதே மாதிரியான மென்பொருளைச் செய்து, விற்று, வாடிக்கையாளரின் திட்டையும் வாங்கியவர். ‘ஒன்றுமில்லாமல் தொடங்கினார்’ என்று நாம் சொல்லும் பலரிடம் பணம்தான் இருந்ததில்லை. ஜாமீன் இருந்தது.

கம்பெனி நின்ற ஜாமீன்

அப்படியானால் எந்த முன்கதையும் இல்லாத ஒரு 21 வயதுக்காரருக்கு, கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளாக எப்படி வேலை கிடைத்தது? பெரிய ஐடி நிறுவனங்கள் அவருக்கு ஜாமீன் நின்றன.

அமெரிக்க வங்கி ஒன்று டிசிஎஸ்ஸோடு ஒப்பந்தம் போடுகிறது. நாமக்கல் கல்லூரியில் படித்து வந்தவரை அந்த வங்கிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மேலே அனுபவசாலிகள் சிலர், நடுவில் சிலர், அடியில் புதியவர்கள் பலர் என்று ஒரு கோபுரம். தவறு நடந்தால் மேலே இருப்பவர் திருத்துவார், கம்பெனியின் பெயர் பொறுப்பேற்கும். புதியவருக்குக் கிடைத்த சம்பளம் ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு லட்சம். பத்தாண்டுக்கு மேலாகக் கிட்டத்தட்ட அங்கேயே நின்றது. வீட்டு வாடகையும் பிஜி கட்டணமும் பல மடங்கு ஏறிய பிறகும் அந்தத் தொகை நகரவில்லை. கோபுரத்தின் லாபம் அந்த அடித்தட்டில்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் புகார் சொல்லவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிட்டால் ‘எக்ஸ் இன்ஃபோசிஸ்’, ‘எக்ஸ் டிசிஎஸ்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ‘எக்ஸ்’ முன்னொட்டுக்காகத்தான் அவ்வளவு பொறுமை.

2021-22 நிதியாண்டில் டிசிஎஸ் மட்டும் ஒரு லட்சம் புதியவர்களை எடுத்தது. இன்ஃபோசிஸ் 85,000. கொரோனா காலத்தில் உலகமே கணினிக்கு ஓடியதால் வந்த வெள்ளம் அது. பிறகு அமெரிக்காவில் வட்டி ஏறியது, வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள், எடுத்த ஆட்களுக்கே வேலை போதவில்லை. 2023-24-இல் இன்ஃபோசிஸ் எடுத்த புதியவர்கள் 11,900 பேர். ஐடி துறை முழுவதுமாக எடுத்த ஃப்ரெஷர்கள் 2022-23-இல் சுமார் 2.3 லட்சம் என்றும், அடுத்த ஆண்டில் 1.55 லட்சத்துக்கு இறங்கியது என்றும் டீம்லீஸ் நிறுவனம் கணக்குச் சொன்னது.

துறை படுத்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. 2024-25-இல் இந்தியத் தொழில்நுட்பத் துறையின் வருவாய் சுமார் 283 பில்லியன் டாலர், ஊழியர்கள் 58 லட்சம் என்கிறது ஐடி நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம். வளர்ச்சி வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் வேலையை இந்தியக் கம்பெனிக்குக் கொடுப்பதற்குப் பதில், இங்கேயே சொந்த அலுவலகம் திறக்கின்றன. ஜிசிசி (குளோபல் கேபபிலிட்டி சென்டர்) என்று பெயர். நாட்டில் 1,700-க்கும் மேல், அதில் பெங்களூருதான் முதலிடம். இந்த அலுவலகங்களில் அகலமான அடித்தட்டு கிடையாது. வந்த நாளிலிருந்து வேலை செய்பவர் வேண்டும் என்பார்கள். இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் கேட்பது அங்கே சாதாரணம்.

இதற்கு மேல் ஏஐ வந்து சேர்ந்தது. டெஸ்ட் கேஸ் எழுதுவது, பழைய நிரலைப் படித்து விளக்கக் குறிப்பு எழுதுவது, சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்துவது போன்ற வேலைகளைக் கொடுத்துத்தான் சீனியர்கள் ஜூனியர்களைப் பழக்கினார்கள். தவறினால் பெரிய சேதமில்லாத வேலைகள். ஏஐ கருவிகளிடம் முதலில் போய்ச் சேர்வதும் அவைதான். 2025 ஜூலையில் டிசிஎஸ் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றப்போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடு, மேல் நிலையினர். கோபுரம் அடியில் மட்டுமல்லாமல் நடுவிலும் மெலிகிறது. புதியவரின் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்களும் குறைகிறார்கள்.

கையில் கடிதம், கண்ணில் தேதி இல்லை

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று ஊரில் இனிப்புக் கொடுத்த குடும்பங்களுக்கு 2022-க்குப் பிறகு வேறொரு பாடம் காத்திருந்தது. அந்த ஆண்டு கல்லூரியில் தேர்வான சுமார் 2,000 பேரை இன்ஃபோசிஸ் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காக்க வைத்ததாக, புனேயில் இயங்கும் ‘நைட்ஸ்’ என்ற ஐடி ஊழியர் அமைப்பு 2024-இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவோம் என்றது நிறுவனம். அந்த அக்டோபரில் சேர்க்கையும் நடந்தது. 2025 பிப்ரவரியில் மைசூரு பயிற்சி வளாகத்திலிருந்து, மூன்று வாய்ப்பிலும் உள்தேர்வில் தேறவில்லை என்று சொல்லி 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். 700 பேர் இருக்கும் என்றது நைட்ஸ். காத்திருந்து உள்ளே போனவர்களும் அதில் அடக்கம்.

2023 பிப்ரவரியில் விப்ரோ வேறு வழியில் போனது. ஆண்டுக்கு ஆறரை லட்சம் சம்பளம் என்று சொல்லித் தேர்வு செய்தவர்களிடம், மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமானால் சீக்கிரம் சேரலாம் என்று கேட்டது. காத்திருந்து களைத்துப்போயிருந்தவர்கள் பலர் சம்மதித்தார்கள்.

அழைத்தவர்கள் கைவிட்டால் சட்டம் என்ன செய்யும்? ஆஃபர் லெட்டர்கள் பலவற்றில் ‘தொழில் தேவையைப் பொறுத்து’ என்றொரு வரி ஒளிந்திருக்கும். சேரும் தேதி இருக்காது. தேதியில்லாத வாக்குறுதியை வைத்து நீதிமன்றம் போவது எளிதல்ல. சேராதவர் ஊழியரும் இல்லை என்பதால் தொழிலாளர் துறையின் கையும் குறுகிவிடுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஐடி ஊழியருக்கு ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் தரப்பட வேண்டும் என்கிறது அரசு. நல்லதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு உள்ளே காலடி வைத்த பிறகுதான் தொடங்குகிறது.

போலி ஜாமீன்தாரர்கள்

நிஜமான ஜாமீன்தாரர் விலகிய இடத்தில் போலிகள் கடை விரிப்பார்கள். பெங்களூரில் அந்தக் கடைக்கு ‘கன்சல்டன்சி’ என்று பெயர். எல்லாக் கன்சல்டன்சியும் மோசடி இல்லை. முறையாக ஆள் எடுத்துக் கொடுப்பவர்கள் வேலை கொடுக்கும் நிறுவனத்திடம் கட்டணம் வாங்குவார்கள். வேலை தேடி வந்தவரிடம் கை நீட்டினால் அங்கேயே திரும்பிவிடலாம்.

கை நீட்டுபவர்கள் விற்பது இரண்டு சரக்கு. ஒன்று ‘பேக்டோர்’. லட்சக்கணக்கில் பணம் கட்டு, உள்ளே ஆள் இருக்கிறார், நேர்காணல் சும்மா என்பார்கள். கொடுத்த கடிதம் போலி என்பது சேரப் போன அன்று வரவேற்பறையில்தான் தெரியும். இன்னொன்று ‘எக்ஸ்பீரியன்ஸ் போடுவது’. இல்லாத கம்பெனியில் மூன்று ஆண்டு வேலை பார்த்ததாகச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் தருவார்கள். இந்தப் பொய்யின் ஆயுள் குறைவு. நிறுவனங்கள் வருங்கால வைப்பு நிதியின் யுஏஎன் எண்ணை வைத்து, எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்று பார்க்கின்றன. மாட்டினால் வேலை போவதோடு கறுப்புப் பட்டியலும் சேரும். முதல் ஒப்பந்தத்தைப் பொய்யில் எழுதியவர் அடுத்த ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அதே பொய்யைக் காப்பாற்றிக்கொண்டே ஓட வேண்டும்.

இன்னும் கொடூரமான வடிவமும் உண்டு. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ வேலை என்று துபாய், பாங்காக் வழியாக அழைக்கப்பட்ட இந்திய இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். ஐடி படித்தவர்களையே குறிவைக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அந்த அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தவர்களில் 13 பேர் தமிழர்கள். வேலை கிடைக்காத ஒவ்வொரு மாதமும், நம்பத்தகாத ஒன்றை நம்பும் மனநிலைக்கு ஒருவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறது. இந்த வியாபாரிகள் அதைத்தான் அறுவடை செய்கிறார்கள்.

பெங்களூரில் வேலை தேடும் தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு கலக்கமும் வந்து போனது. நிர்வாகப் பணிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கே என்ற மசோதாவைக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூலையில் ஏற்றது. நாஸ்காமும் தொழில்துறையும் எதிர்க்க, ஓரிரு நாளில் நிறுத்திவைத்தது. பக்கத்து வீட்டுக் கன்னட இளைஞரும் இதே ஃப்ரெஷர் வரிசையில்தான் நிற்கிறார். வேலை சுருங்கும்போது வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

இரண்டாம் வாசல்: காண்ட்ராக்ட்

முதல் வாசலான நேரடி வேலை சுருங்கினால் காண்ட்ராக்ட் பெருகும். சி டூ ஹெச் (காண்ட்ராக்ட் டு ஹயர்), தேர்ட் பார்ட்டி பேரோல் என்று பெங்களூரில் புழங்கும் சொற்கள் இதைத்தான் குறிக்கின்றன. உட்கார்வது ஒரு பெரிய நிறுவனத்தின் கட்டடத்தில், சம்பளம் வருவது இடைத்தரகு நிறுவனத்திடமிருந்து. அடையாள அட்டையின் நிறம் வேறாக இருக்கும். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து நிரந்தரமாக்கலாம், ஆக்காமலும் விடலாம்.

இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. உண்மையான வேலை, உண்மையான நிரல், அதைப் பார்த்த மனிதர்கள் மூன்றும் கிடைத்தால் ஜாமீன் உருவாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். பார்க்க வேண்டியவை சில உண்டு. பிஎஃப் கட்டுகிறார்களா? வேலை நிரந்தரமாகும் காலமும் நிபந்தனையும் எழுத்தில் இருக்கிறதா? வாடிக்கையாளர் திட்டத்தை நிறுத்தினால் மறுநாள் சம்பளம் உண்டா? குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை பெறலாம் என்று புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது. முன்பு அதற்கு ஐந்தாண்டு வேண்டும். இந்த உரிமை பலருக்குத் தெரியாது.

பாண்டு விஷயத்திலும் தெளிவு வேண்டும். ‘இரண்டு வருஷம் போகக் கூடாது, போனால் பணம் கட்டு’ என்ற நிபந்தனை செல்லாது என்று நண்பர்கள் அடித்துச் சொல்வார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுப்பது, வேலையை விட்ட பிறகும் ஒருவர் பிழைப்பை முடக்கும் நிபந்தனைகளை. வேலையில் இருக்கும் காலத்துக்கான நியாயமான நிபந்தனை வேறு. அதற்காக, படிப்புச் சான்றிதழின் அசலை வாங்கிப் பெட்டியில் பூட்டும் நிறுவனத்தில் சேர வேண்டும் என்பதில்லை.

மூன்றாம் வாசல்: தனி ஆள்

யாரும் வேலை தராவிட்டால் நானே வேலை எடுக்கிறேன் என்று அப்வொர்க் போன்ற தளங்களில் இறங்குபவர்கள் பலர். அங்கும் முதல் ஒப்பந்தம்தான் மலை. பணி ஒன்றுக்கு விண்ணப்பிக்கவே ‘கனெக்ட்ஸ்’ என்று காசு கொடுத்து வாங்க வேண்டும். மதிப்புரை ஒன்றுகூட இல்லாத பெயரை, ஐம்பது விண்ணப்பம் வந்த பட்டியலில் யார் திறந்து பார்ப்பார்? எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அதைவிடக் குறைத்துக் கேட்க உலகத்தில் எங்கோ ஒருவர் இருக்கிறார். விலையைக் குறைத்து நம்பிக்கை வாங்க முடியாது.

தனி ஆளுக்கு முதல் ஒப்பந்தம் ஓரளவு எளிதாகக் கிடைக்கும் இடம், அவரை ஏற்கெனவே அறிந்தவர்களின் தொழில். மாமாவின் ஜவுளிக் கடை இருப்புக் கணக்கு, ஊரிலுள்ள ஸ்கேன் சென்டரின் டோக்கன் முறை, நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவரின் டிரிப் ஷீட். ‘அக்கா பையன், ஓடிப்போக மாட்டான்’ என்பதே அங்கே போதுமான ஜாமீன். பத்தாயிரம் ரூபாய் வேலையாக இருக்கலாம். ஆனால் ஒரு நிஜ மனிதர் தினமும் அந்த மென்பொருளைத் திறக்கிறார், திட்டுகிறார், திருத்தச் சொல்கிறார். டுடோரியல் பார்த்துச் செய்த நூறாவது ‘டு-டூ லிஸ்ட்’ கற்றுத்தராததை அவர் ஒரு மாதத்தில் கற்றுத்தருவார்.

தெரிந்தவர் என்பதற்காகக் காகிதம் இல்லாமல் தொடங்குவதில்தான் பலர் அடிபடுகிறார்கள். ‘இதையும் சேத்துக் குடுத்துருப்பா’ என்று வேலை வளரும், பணம் வளராது. எனவே இரண்டு பக்கத்தில் தமிழிலாவது ஒப்பந்தம் வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

* என்ன செய்து தருவோம், எதைச் செய்ய மாட்டோம் என்ற பட்டியல். பிறகு கேட்கும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை.

* முன்பணம். மீதி, வேலையின் கட்டங்களுக்கு ஏற்பத் தவணையாக. கடைசித் தவணை சின்னதாக இருக்கட்டும்.

* நிரல் யாருக்குச் சொந்தம்? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக எழுதியது பொதுவாக முதலாளிக்கு. தனி ஒப்பந்தக்காரராக எழுதியது, எழுத்தில் மாற்றித் தராதவரை எழுதியவருக்கு. மாற்றித்தரும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். முழுத் தொகை கைக்கு வந்த பிறகு உரிமை மாறும் என்று எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம்.

* உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசுப் பதிவு. இணையத்தில் இலவசம். சிறு குறு நிறுவனச் சட்டம், 2006-இன்படி பதிவு பெற்றவருக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி.

* ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அதைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் ஏஜெண்டுகளிடம் கவனம்.

பொதுவில் செய்த வேலை

உறவும் இல்லை, ஊரில் கடையும் இல்லை என்பவருக்கு இன்னொரு ஜாமீன் உண்டு. கட்டற்ற மென்பொருள். அதில் பங்களித்த ஒவ்வொரு வரியும் தேதியோடு, பெயரோடு உலகம் பார்க்கும்படி நிற்கிறது. யார் விமர்சித்தார், எப்படித் திருத்தினார் என்பதும் தெரியும். அனுபவச் சான்றிதழைப் போலியாக அச்சடிக்கலாம், இதை அவ்வளவு எளிதில் முடியாது. 2005 முதல் கூகுள் நடத்தும் ‘சம்மர் ஆஃப் கோட்’ இப்படிப்பட்ட பங்களிப்பாளருக்கு உதவித்தொகையும் தருகிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும், 2012 முதல் தமிழிலேயே மென்பொருள் எழுதக் கற்றுத்தரும் ‘கணியம்’ குழுவும் இருக்கின்றன. இந்தியாவின் முதல் பைகான் மாநாடு 2009-இல் நடந்த பெங்களூரில், இன்றும் பைத்தான்காரர்கள் கூடிப் பேசுகிறார்கள். ‘மச்சான், ரெஃபரல் இருக்கா?’ என்று முகம் தெரியாதவருக்கு அனுப்பும் நூறு செய்திகளைவிட, அத்தகைய கூட்டம் ஒன்றில் பத்து நிமிடம் தன் நிரலைக் காட்டிப் பேசுவது கூடுதல் பலன் தரும். ரெஃபரல் கொடுப்பவரும் தன் பெயரைப் பணயம் வைத்து ஜாமீன் நிற்பவர்தானே. பார்க்காத வேலைக்கு அவர் எப்படி நிற்பார்?

அரசுக்கும் இதில் கடமை உண்டு. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, பட்டதாரிகளை ஓராண்டு உதவித்தொகையோடு நிறுவனங்களில் பழக்கும் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னைத் தரமணியில்தான். பள்ளி முடித்தவர்களையே எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து, நிஜ வேலையில் இறக்கும் முறையை ஜோஹோ இருபது ஆண்டுகளாகச் செய்துகாட்டுகிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் லட்சக்கணக்கானோருக்குப் பயிற்சி தருகிறது. பயிற்சியோடு நிற்காமல் வேலையையும் தரலாம். ஊராட்சி, நூலகம், அரசு மருத்துவமனை என்று மென்பொருள் தேவைப்படும் சிறு பணிகள் மாநிலம் முழுக்க இருக்கின்றன. அரசு டெண்டர்களில் பெரும்பாலும் முந்தைய அனுபவமும் விற்றுமுதலும் கேட்கப்படுவதால் புதியவர் பக்கத்தில்கூடப் போக முடிவதில்லை. அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் புதியவர்கள் செய்வதற்கென்று சில லட்சத்துக்குள் அடங்கும் பணிகளை ஒதுக்கினால், அரசே ஜாமீன் நின்றதாகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மாற வேண்டியது கல்லூரி வாசலில் நிற்கும் பலகை. தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். கலந்தாய்வுக் காலம் வந்தால் ‘2,000 ஆஃபர்கள்’, ‘100 சதவீதம் பிளேஸ்மெண்ட்’ என்று நெடுஞ்சாலை முழுக்கத் தட்டி வைப்பார்கள். ஒரே மாணவருக்குக் கிடைத்த மூன்று ஆஃபர் மூன்றாகவே எண்ணப்படும். கடிதம் வந்தும் சேர முடியாமல் இரண்டு ஆண்டு பிஜியில் கிடந்தவரும் அந்தப் பலகையில் வெற்றியாளராகவே இருப்பார். விதையும் உரமும் வாங்கும்போது பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பெற்றோர், நான்கு ஆண்டுக்குப் பல லட்சம் கட்டும் இடத்தில் மட்டும் பலகையை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

இந்த ஆண்டு கலந்தாய்வுக்குப் போகிறவர்கள் கல்லூரி முதல்வரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். போன வருடம் ஆஃபர் வாங்கியவர்களில் எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள்? கடிதம் வந்து எத்தனை மாதத்தில் முதல் சம்பளம் கையில் வந்தது? ஓராண்டு கழித்து எத்தனை பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள்? பதில் தராத கல்லூரி தன் மாணவருக்கு ஜாமீன் நிற்கத் தயாரில்லை என்று எடுத்துக்கொண்டு, விருப்பப் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடலாம்.